மினி லேத்துக்கு முதல் டூல்: ஹெச்.எஸ்.எஸ்.ஸா, கார்பைடா?

மினி லேத் (சிறிய கடைசல் இயந்திரம்) வாங்கியதும் முதலில் வரும் குழப்பம், உலோகத்தைச் சீவும் டூல்தான். நாமே சாணை பிடித்துக்கொள்ளும் ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) துண்டா, ஹோல்டரில் திருகி மாட்டும் கார்பைடு இன்செர்ட் எனும் சிறு வெட்டுமுனையா? பெங்களூரு ராமமூர்த்தி நகரில், வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு ஏழுக்குப் பதினாலு அங்குல லேத்தை வைத்து ஒரு வருடமாகப் பழகுகிறேன். இரண்டிலும் வேலை செய்து பார்த்தாயிற்று. புதிதாகப் பழகுபவருக்கு ஹெச்.எஸ்.எஸ்.தான் என்பது என் முடிவு.

நான் முதலில் வாங்கியது கார்பைடு. சாணை பிடிக்கத் தெரியாது என்ற பயம். 25 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ராடை மாட்டி மெதுவாக ஓட்டினேன். பரப்பு பிய்த்தெடுத்ததுபோல் வந்தது. லேத்தில் கோளாறு என்று நினைத்து இரண்டு வாரம் ராடைப் பிடிக்கும் 'சக்'கையும் பேரிங்கையும் சந்தேகப்பட்டேன். விஷயம் வேறு. எம்.எஸ்.ஸில் கார்பைடு நன்றாகச் சீவ நிமிடத்துக்கு 100 மீட்டருக்கு மேல் வெட்டுவேகம் வேண்டும். இந்த ராடுக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 1,300 சுற்று. சாதாரண இன்செர்ட்டின் விளிம்பு, உடையாமல் இருக்கக் கொஞ்சம் மழுக்கியே வரும். அதனால் ஆழமாக வெட்டினால்தான் அது சீவும், இல்லாவிட்டால் தேய்க்கும். 1 மி.மீ. ஆழம், சுற்றுக்கு 0.2 மி.மீ. நகர்வு என்று போனால் 700 வாட் வரை இழுக்கும். என் மோட்டார் 550 வாட்.

அதே ராடை ஹெச்.எஸ்.எஸ். டூலில் 380 சுற்றில் சீவலாம். கூர் நன்றாக இருந்தால் 0.1 மி.மீ.கூட அழகாக எடுக்கும். சிறிய லேத் வளையாமல், அதிராமல் வேலை செய்வது இப்படித்தான்.

சரி, சாணை? ஹெச்.எம்.டி. தொழிற்சாலையில் டர்னராக (லேத் ஓட்டுபவராக) இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். "முன்பக்கம் முதல்ல, அப்புறம் பக்கவாட்டு, மேல கடைசியா. மேல அளவா தேய் தம்பி" என்று சொல்லி, பக்கத்தில் நின்று ஒரு மணி நேரத்தில் பழக்கிவிட்டார். முன்னும் பக்கமும் எட்டு, பத்து டிகிரி சரிவு போதும். துண்டு நீலமாகிவிட்டதே என்று பதற வேண்டாம்; ஹெச்.எஸ்.எஸ். 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கடினம் குறையாது. தண்ணீரில் நனைப்பது நம் விரலுக்காக. ஆனால் இரும்புத் தண்டில் கார்பைடு முனையைப் பற்றவைத்த டூலைச் சூட்டோடு தண்ணீரில் முக்கினால் விரிசல் விட்டுவிடும். அதைத் தீட்டச் சாதாரணச் சாம்பல் நிறச் சாணைக்கல்லும் உதவாது. பச்சைக் கல்லோ வைரச் சக்கரமோ வேண்டும்.

கார்பைடு வெல்லும் இடங்களும் உண்டு. வார்ப்பிரும்பின் மேல்தோலில் ஒட்டிய மணல் ஹெச்.எஸ்.எஸ். கூரைத் தின்றுவிடும். ஸ்டெயின்லெஸ்ஸிலும் கார்பைடு நீடிக்கும். இன்செர்ட்டைத் திருப்பி மாட்டினாலும் முனையின் உயரம் மாறாது, ஹெச்.எஸ்.எஸ்.ஸில் மேல்பக்கம் தீட்டிய ஒவ்வொரு முறையும் அடியில் தகடு வைத்து முனையை லேத்தின் மைய உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் அறுகோண ராடுபோல விட்டுவிட்டு வெட்டும் வேலையிலும், டூல் வேலைக்குள் இருக்கும்போதே லேத் நின்றாலும், கார்பைடு முனை சட்டென்று உடையும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் நிற்காதீர்கள்.

ஒரு நடுவழி இருக்கிறது. அலுமினியத்துக்கென்று வரும் சிசிஜிடி (CCGT) என்ற வகை கார்பைடு இன்செர்ட் தீட்டி மெருகிட்ட கூர்மையோடு வரும். மினி லேத்தில் எம்.எஸ். ஃபினிஷிங்குக்கும் அது ஒத்துவருகிறது. இன்று வாங்கினால் 8 மி.மீ. ஹெச்.எஸ்.எஸ். துண்டு நான்கு, பெஞ்ச் கிரைண்டர் ஒன்று, எண்ணெய்க் கல் ஒன்று வாங்குவேன். அந்த இன்செர்ட்டும் ஹோல்டரும் மூன்று மாதம் கழித்து.