ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொண்டால் முதலில் எது: கிளட்சா, பிரேக்கா, சாவியா?

மூன்றாவது கியரில் ஒரு லாரியை முந்திக்கொண்டிருந்தேன். முந்தி முடித்துக் காலை எடுத்தேன். வண்டிக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை, அதே இழுப்பில் போய்க்கொண்டிருந்தது. பிரேக்கை அழுத்தினேன், கொஞ்சம் குறைந்தது. விட்டு மறுபடி அழுத்தினேன். மூன்றாவது தடவை பெடல் கல் மாதிரி இறுகிவிட்டது. கை சாவியைத் தேடிப் போனது. அதற்குப் பிறகுதான், சும்மா கிடந்த இடது கால் ஞாபகத்துக்கு வந்தது. கிளட்ச்சை மிதித்தேன். இன்ஜின் அலறிய அலறலில் மறுபடி காலை எடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. எடுக்கவில்லை. நியூட்ரலுக்குத் தள்ளி, ஓரம் கட்டி, நின்ற பிறகு சாவியைத் திருப்பினேன்.

பிறகு மெக்கானிக், பெடலிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஆக்சிலரேட்டர் கேபிளை உருவிக் காட்டினார். உறையின் வாயருகே ஒரே ஒரு கம்பி இழை பிரிந்து, மீன்முள் மாதிரிப் பின்பக்கமாக வளைந்து நின்றது. இழுக்கும்போது வழுக்கிக்கொண்டு போகும், திரும்பும்போது உறையில் குத்தி நிற்கும். "ஒத்த இழை சார், அதுதான் வண்டிய ஓட்டிருக்கு" என்றார்.

அன்று நான் செய்தது எல்லாமே தலைகீழ் வரிசை. ஒவ்வொரு வழியும் உண்மையில் என்ன செய்கிறது என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தபோதுதான் அது புரிந்தது.

கிளட்ச்சும் சாவியும்

போட்டி உண்மையில் இந்த இரண்டுக்கும்தான். "வண்டி கட்டுக்குள் இல்லையா, சாவியைத் திருப்பு" என்பதுதான் பலரும் சொல்லும் முதல் அறிவுரை. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது, இன்ஜினே நின்றுவிட்டால் பிரச்சினையின் வேரே போய்விடும் அல்லவா? ஆனால் இன்ஜினோடு வேறு என்னவெல்லாம் போகும் என்பதையும் பார்க்க வேண்டும். எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் என்றால் சாவியைத் திருப்பிய கணமே கனத்துவிடும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ். செத்துவிடும். பதற்றத்தில் சாவியைக் கடைசிவரை திருப்பி உருவிவிட்டால், பல வண்டிகளில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், அதுவும் ஓடுகிற வண்டியில். வேறு வழியே இல்லாமல் சாவியைத் தொட்டால், ஒரே ஒரு படி பின்னால் திருப்பி, கையை எடுத்துவிட வேண்டும்.

கிளட்ச் இன்ஜினை நிறுத்துவதில்லை. இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவை அறுக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் நமக்குத் தேவையும் அவ்வளவுதான். ஸ்டியரிங் இருக்கிறது, ஏ.பி.எஸ். இருக்கிறது, விளக்கு எரிகிறது. கை ஸ்டியரிங்கை விட்டு நகர வேண்டியதில்லை, கண் சாலையை விட்டு விலக வேண்டியதில்லை. நாள் முழுக்கப் பழகிய கால்தான் அந்த வேலையைச் செய்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. சுமை திடீரென்று விலகியதும் இன்ஜின் உச்சத்துக்குப் போய் அலறும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள பெட்ரோல் வண்டிகளில் குறிப்பிட்ட ஆர்.பி.எம். வந்ததும் கணினியே எரிபொருளை வெட்டிவிடும். 'ட்ர்ர்ர்' என்று திக்கித் திக்கி இரையும், சில நொடிகளில் பெரிதாக எதுவும் உடையாது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இப்படிக் காவல் இல்லாததே அதிகம், அங்கே இன்ஜின் உள்ளுக்குள் அடிபடலாம். அடிபட்டால் படட்டும். இன்ஜினுக்கு மாற்று இன்ஜின் கிடைக்கும்.

அந்தச் சத்தத்துக்குப் பயந்து கிளட்ச்சை விட்டுவிடுவதுதான் உண்மையான ஆபத்து. உச்சத்தில் சுழலும் இன்ஜின் மறுபடி சக்கரத்தில் கோத்துக்கொண்டால் வண்டி முன்னைவிட மோசமாகப் பாயும். அதனால்தான் கிளட்ச்சை மிதித்த கையோடு நியூட்ரல். அதற்குப் பிறகு இடது கால் நடுங்கினாலும் வழுக்கினாலும் பயமில்லை. கிளட்ச் இல்லாமல் நேராக லீவரை உருவிவிடலாமே என்றால், இன்ஜின் முழு விசையில் இழுக்கும்போது கியரின் பற்கள் ஒன்றோடொன்று அழுந்திக் கிடக்கும், லீவர் லேசில் வராது.

சாவிக்குப் பதில் ஸ்டார்ட் பட்டன் உள்ள வண்டிகளில் சாவிக் கட்சி இன்னும் பலவீனம். ஓடும்போது ஒருமுறை தட்டினால் பெரும்பாலும் அணையாது. தவறுதலாகக் கை பட்டு நின்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பல மாடல்களில் சுமார் 3 நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர். பட்டனில் விரலை வைத்துக் காத்திருப்பதற்குள் 66 மீட்டர் ஓடிவிடும்.

பிரேக் மட்டும் போதுமா?

போதும், ஒரே அழுத்தாக அழுத்தினால். கார் அண்ட் டிரைவர் இதழ் 268 குதிரைத்திறன் கொண்ட டொயோட்டா கேம்ரி ஒன்றை, மணிக்கு 70 மைல் வேகத்தில் ஆக்சிலரேட்டர் முழுக்க மிதிபட்ட நிலையிலேயே பிரேக் பிடித்துச் சோதித்தது. 190 அடியில் வண்டி நின்றது. ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு வழக்கம்போலப் பிடித்தபோது 174 அடி. வித்தியாசம் 16 அடிதான். நல்ல நிலையில் உள்ள பிரேக், வழக்கமான கார் இன்ஜினைவிட பலசாலி.

அப்படியானால் எனக்கு ஏன் கல்லானது? பெட்ரோல் வண்டியில், நாம் மிதிக்கும் பலத்தைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டர் இயங்குவது இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தில். இன்ஜினுக்குக் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டு மூடியிருக்கும்போதுதான் அந்த உறிஞ்சல் பலமாக இருக்கும். தட்டு முழுக்கத் திறந்துவிட்டால் ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்காது. பூஸ்டருக்குள் சேமிப்பாக இருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று அழுத்தலுக்குத்தான் வரும். நான் விட்டு விட்டு மிதித்து அந்தச் சேமிப்பைக் கரைத்துவிட்டேன். பூஸ்டர் போனாலும் பிரேக் போய்விடுவதில்லை, ஆனால் பல மடங்கு பலத்தில் மிதிக்க வேண்டியிருக்கும். டீசல் வண்டியில் வெற்றிடத்துக்குத் தனி பம்ப் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

பிரேக்கை மட்டும் நம்பி லேசாக மிதித்துக்கொண்டே ஓட்டுவதுதான் மிகக் கெட்ட வழி. பிரேக் பேட் சூடேறிப் பிடிப்பை இழக்கும். 2009 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஒரு லெக்ஸஸ் இ.எஸ். 350 விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். வேறு மாடலுக்கான ரப்பர் மேட் ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொண்டதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அதன் பிரேக்குகள் கடும் சூட்டில் வெந்துபோயிருந்தன. அது ஆட்டோமேட்டிக், பட்டன் ஸ்டார்ட் வண்டி. மூன்றாவது பெடல் என்ற ஒன்று அதில் இல்லை.

எனவே மேனுவல் வண்டியில் கிளட்ச்சா பிரேக்கா என்ற கேள்வியே தேவையில்லை. இரண்டு காலும் ஒரே நேரத்தில், இரண்டையும் அடிவரை. ஏறக்குறைய சடன் பிரேக் போடுவது போலத்தான், பிரேக்கை இடையில் விடக் கூடாது என்பது மட்டும் கூடுதல்.

கியரைக் குறைத்து இன்ஜின் பிரேக்கிங்கில் வேகத்தைப் பிடிக்கலாம் என்று மலைப்பாதையில் பழகிய கைகளுக்குத் தோன்றும். இங்கே அது விஷம். த்ராட்டில் திறந்திருக்கும்போது கீழ் கியர் வண்டியைப் பிடிக்காது, இன்னும் அதிக விசையோடு தள்ளும்.

காலால் தூக்குவது, ஹேண்ட் பிரேக்

கால்விரலைப் பெடலுக்கு அடியில் கொடுத்து மேலே தூக்கிப் பார்க்கலாம் என்பார்கள். மேட் மடங்கி மாட்டியிருந்தால் சில சமயம் பலிக்கும். ஆனால் அந்தக் கால் அப்போது பிரேக்கில் இருக்க வேண்டிய கால். நியூட்ரலுக்கு வந்த பிறகு வேண்டுமானால் செய்யுங்கள். குனிந்து கையால் மேட்டை இழுப்பது கூடவே கூடாது. ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கும். வேகத்தில் சடாரென்று இழுத்தால் வண்டி சுழலும்.

டீசல் என்றால் ஒரு விதிவிலக்கு

பழைய டர்போ டீசலில், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் சீல் கிழிந்து இன்ஜின் ஆயிலே உள்ளே போய் எரியத் தொடங்கினால், ஆக்சிலரேட்டருக்கு அதில் பங்கே இல்லை. சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ஏனென்றால் டீசலை நிறுத்தினாலும் ஆயில் போய்க்கொண்டிருக்கும். கிளட்ச் இங்கேயும் வண்டியைக் காப்பாற்றும், ஆனால் இன்ஜினைக் காப்பாற்றாது. ஆயில் தீரும்வரை அல்லது ஏதாவது உடையும்வரை ஓடும். வண்டியை நிறுத்திய பிறகு, பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, இருப்பதிலேயே உயர்ந்த கியரைப் போட்டுக் கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் இன்ஜின் திணறி நிற்க வாய்ப்புண்டு. கிளட்ச் பிளேட் கருகலாம். முன்னால் ஆள் நின்றால் இந்த வேலையே வேண்டாம், எல்லோரும் இறங்கி விலகிவிடுவது மேல்.

வீடு வந்த பிறகு: எண்ணெயா, புதுக் கேபிளா?

கேபிளில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அன்றைக்கு சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். இழை பிரிந்த கேபிளுக்கு அது ஏமாற்று. பிரிந்த இழை மறுபடி ஒட்டாது, அடுத்தது பிரியும். உள்ளே நைலான் பூச்சுள்ள உறையில் எண்ணெய் தூசியை இழுத்து இன்னும் இறுக்கிவிடவும் கூடும். புதுக் கேபிள்தான்.

கேபிள் நன்றாக இருந்து, பெடல் தொடக்கத்தில் மட்டும் ஒட்டிப் பிடித்து, பிறகு 'டக்' என்று விட்டால், த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறது. அதற்குரிய கிளீனரும் துணியும் போதும். ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கூட ஒரு ஸ்பிரிங்கை மாட்டிவிடும் பழைய கைவைத்தியம் உண்டு. பெடல் கனத்துப்போகும், சிக்கும் கேபிளை அது மறைத்தும் வைக்கும். அமெரிக்காவில் 1973 முதல் நடைமுறைக்கு வந்த விதி, த்ராட்டிலைத் திருப்பிக் கொண்டுவர ஒன்றுக்கொன்று சாராத இரண்டு விசைகளாவது இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் வண்டியிலும் இரண்டு ஸ்பிரிங் இருந்து அதில் ஒன்று அறுந்திருந்தால், மற்றது வேலை செய்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

மேட் விஷயம் எளிது. ஒன்றின் மேல் ஒன்று போடக் கூடாது, கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து மெதுவாக விட்டுப் பாருங்கள். பிறகு பானெட்டைத் திறந்து, கேபிள் வண்டியாக இருந்தால், த்ராட்டில் லீவரைக் கையால் முழுக்கத் திருப்பி விடுங்கள். ஒரே வீச்சில் திரும்பி வந்து அதன் தடுப்பில் தட்ட வேண்டும். நடுவில் எங்காவது தயங்கினால் அந்த வண்டியை அன்று எடுக்காதீர்கள்.