சர்வீஸ் முடிந்து வந்த குரோனோகிராஃப்: நேரம் சரி, பட்டனை அழுத்தினால்தான் வம்பு

என் குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்சும் சேர்ந்த கைக்கடிகாரம், சர்வீஸிலிருந்து வந்த அன்று எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ராத்திரி செல்போனைப் பார்த்து வினாடி சுத்தமாக நேரம் வைத்துவிட்டு மறுநாள் ராத்திரி பார்த்தால் நான்கு வினாடிதான் கூடுதல், இயந்திரக் கடிகாரத்துக்கு அது அருமையான கணக்கு. கடைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், நல்ல வேளை போடவில்லை.

உள்ளே இருப்பது வால்ஷூ 7750 என்கிற இயந்திரம். மணிக்கு 28,800 துடிப்பு, அதாவது வினாடிக்கு எட்டு. இதில் குரோனோவுக்கென்று (ஸ்டாப்வாட்ச் பகுதிக்கென்று) தனி ஸ்பிரிங் கிடையாது, மேல் பட்டனை அழுத்தியதும் நேரம் காட்டுகிற அதே ஸ்பிரிங்தான் அந்தச் சக்கரங்களையும் சேர்த்து இழுக்க வேண்டும். அதனால் இங்கும் அங்கும் ஊசலாடி நேரத்தை அளக்கிற பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு, ஆம்ப்ளிட்யூட் என்பார்களே, அது கொஞ்சம் குறையும். பத்து இருபது டிகிரி குறைந்தால் கவலையில்லை. கடைக்காரர் கொடுத்த தாளில் 290 டிகிரி, பீட் எரர் (டிக்குக்கும் டாக்குக்கும் உள்ள இடைவெளி வித்தியாசம்) 0.2 மில்லிசெகண்ட் என்று எல்லாம் அழகாக இருந்தது, ஆனால் குரோனோ ஓடும்போது எடுத்த அளவு ஒன்றுகூட அதில் இல்லை.

என்னிடம் ஒரு சின்ன டைம்கிராஃபர் இருக்கிறது, கடிகாரத்தின் டிக் சத்தத்தைக் கேட்டு இதையெல்லாம் அளக்கிற கருவி. லிஃப்ட் ஆங்கிளை 49 என்று வைத்து (இது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுகிற ஒரு கோண அளவு, வேறு எண் வைத்தால் ஆம்ப்ளிட்யூட் கணக்கே தப்பாக வரும்), முழுச் சாவி கொடுத்து, ஒரு மணி நேரம் விட்டு, குரோனோவை ஓடவிட்டு வைத்தேன். 212! கிட்டத்தட்ட எண்பது டிகிரி காணாமல் போயிருந்தது. மறுநாள் காலை சாவி பாதி இறங்கியிருந்தபோது திரும்ப ஓடவிட்டேன், நாற்பது நிமிடத்தில் கடிகாரமே நின்றுவிட்டது.

அப்புறம் ரீசெட். இதைக் கருவியே இல்லாமல் யாரும் பார்க்கலாம். இருபது முப்பது தடவை ஓட்டி, நிறுத்தி, கீழ்ப் பட்டனை அழுத்துங்கள். குரோனோவின் வினாடி முள்ளான பெரிய முள் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தள்ளி நின்றால் முள்ளைக் கோணலாகப் பொருத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நிற்கிற இடம் மாறிக்கொண்டே போனால் முள் அச்சில் இறுகவில்லை, ரீசெட் சுத்தியல் இதய வடிவச் சக்கரத்தைத் தட்டும் அதிர்ச்சியில் வழுக்குகிறது. என்னுடையது இரண்டாவது ரகம். முதலில் சரியாகப் பன்னிரண்டில் நின்றது, பத்தாவது தடவைக்கு ஒரு கோடு தள்ளிப் போயிருந்தது. கடையில் ஒரே ஒரு முறை அழுத்திக் காட்டிக் கையில் கொடுத்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

மற்றபடி குரோனோவின் நிமிட முள் அறுபதாவது வினாடியை ஒட்டி ஒழுங்காகத் தாவியது. குரோனோ நின்றிருக்கும்போது அதன் மணி முள் தானாக நகரவும் இல்லை, இந்தக் கோளாறு பல கடிகாரங்களில் வரும், ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்துக் காலையில் பார்த்தால்தான் தெரியும். மேல் பட்டன் கல் மாதிரி இருக்கிறது, ஆனால் 7750 பிறவியிலேயே அப்படித்தான், அதற்குக் கடையைத் திட்ட முடியாது.

திரும்ப எடுத்துப் போனேன். முதலில் "குரோனோ போட்டா அப்படித்தான் சார் குறையும்" என்றார்கள். நின்றுபோன கதையைச் சொன்னதும் உள்ளே இருந்த மெக்கானிக்கே வந்து திறந்து பார்த்தார். குரோனோ பக்கத்தைக் கழற்றிக் கழுவாமலே விட்டிருக்கிறார்கள், பழைய எண்ணெய் பிசின் போல ஒட்டியிருந்தது என்று மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அந்த மனுஷனுக்காகவே ஒரு நட்சத்திரம் கூட்டுகிறேன். காசு வாங்காமல் பத்து நாளில் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது குரோனோ இல்லாமல் 288, ஓடும்போது 271. ஐம்பது தடவை ரீசெட் செய்தும் முள் பன்னிரண்டை விட்டு அசையவில்லை.

மொத்தம் மூன்று நட்சத்திரம். நான்கு போட்டிருப்பேன், பின்மூடியில் கருவி வழுக்கிய கீறல் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. கேட்டதற்கு, "கையில கட்டிட்டா தெரியாது சார்" என்றார்கள்.