ஒரே குமிழா, தனித்தனிப் பொத்தானா? ஸ்போர்ட்ஸ் கார் டிரைவ் மோட்கள்: ஓர் ஒப்பீடு

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். நண்பர் ஒருவர் புதிதாக வாங்கிய பிஎம்டபிள்யூ எம்2-வில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன். கொடுத்த காசுக்கு ஒன்றையும் விட்டுவைக்கக் கூடாது என்று இன்ஜின், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக் எல்லாவற்றையும் கடைசிப் படியில் வைத்திருந்தார். ஒன்பதாவதோ பத்தாவதோ, ஒரு வளைவு முடியும் இடத்தில் தார் ஒட்டுப்போட்டிருந்தார்கள். பின்சக்கரம் அதில் ஏறி ஒரு துள்ளு துள்ளியது. மீட்டரில் மஞ்சள் விளக்கு படபடவென்று சிமிட்டியது. இன்ஜின் தானாகவே அடங்கிப்போனது. "என்னப்பா இது, 480 குதிரை இருந்தும் நொண்டுது?" என்றார்.

கொஞ்சம் மேலே போய் ஓரமாக நிறுத்தினோம். திரையில் ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னேன்: சஸ்பென்ஷன், கம்ஃபர்ட்டுக்கு. மற்றதெல்லாம் அப்படியே. அடுத்த பத்து வளைவும் வண்டி சாலையோடு ஒட்டிக்கொண்டே ஏறியது. மஞ்சள் விளக்கு ஒருமுறைகூட எட்டிப்பார்க்கவில்லை.

இந்த ஒரு மாற்றத்தை ஒரு கார் எவ்வளவு சுலபமாகச் செய்ய விடுகிறது என்பதை வைத்துத்தான், இன்ஜின், சஸ்பென்ஷன் போன்றவற்றின் குணத்தை மாற்றும் டிரைவ் மோட்களை நான் எடைபோடுகிறேன். 'ஸ்போர்ட்', 'ரேஸ்', 'ட்ராக்' என்று எத்தனை பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. எதை எதோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், அந்தக் கட்டை நாம் அவிழ்க்க முடியுமா என்பதுதான் கேள்வி.

பலருக்கும் இருக்கும் ஒரு தவறான எண்ணத்தை முதலில் தீர்த்துவிடுவோம். ஸ்போர்ட் மோடில் போட்டதால் இன்ஜினின் பலம் அதிகமாகிவிடாது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தால் இன்ஜின் எவ்வளவு கொடுக்கும் என்ற கணக்குதான் மாறுகிறது. நார்மலில் பாதி மிதித்தால் வருவது ஸ்போர்ட்டில் கால்வாசி மிதித்தாலே வந்துவிடும். தரையோடு மிதித்தால் இரண்டிலும் ஒன்றே. விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 2005 வாக்கில் வந்த, வி10 இன்ஜின் வைத்த பிஎம்டபிள்யூ எம்5 கார் ஸ்டார்ட் செய்ததும் சுமார் 400 குதிரையோடுதான் எழுந்திருக்கும். மீதி நூறு வேண்டுமென்றால் பொத்தானை அமுக்கித்தான் வாங்க வேண்டும். அது ஒரு வேடிக்கையான காலம்.

ஸ்டியரிங் மோடும் ஏறக்குறைய இதே கதைதான். ஸ்போர்ட்டில் போட்டால் மின்மோட்டார் உதவியைக் குறைத்துக்கொள்ளும், கைக்குக் கனமாகத் தெரியும். சாலையைப் பற்றிக் கூடுதலாக எதுவும் சொல்லாது. என் கையில் கிடைத்த எல்லாக் காரிலும் ஸ்டியரிங்கை மட்டும் கம்ஃபர்ட்டிலேயே விட்டிருக்கிறேன்.

உண்மையாகவே காரின் குணத்தை மாற்றுவது சஸ்பென்ஷனில் இருக்கும் ஷாக் அப்சார்பர். பில்லியர்ட்ஸ் மேசை போன்ற ரேஸ் ட்ராக்கில் அதை இறுக்கினால் உடல் சாயாது, முன்னும் பின்னும் ஆடாது. டயர் நான்கும் ஒழுங்காக வேலை செய்யும். மேடு பள்ளமான சாலையில் அதே இறுக்கம் எதிரியாகிவிடும். சக்கரம் மேட்டில் ஏறினால் இறங்கிவர நேரம் எடுக்கும், அதற்குள் கார் அடுத்த மேட்டுக்குப் போயிருக்கும். தரையில் படாத டயருக்குப் பிடிப்பு ஏது? வால்பாறையில் துள்ளியது அதனால்தான். மஞ்சள் விளக்கைச் சிமிட்டி இன்ஜினை அடக்கியது, கார் வழுக்கிப் போகாமல் காக்கும் மின்னணு அமைப்பான வழுக்கல் தடுப்பு. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்த்லூப், சுமார் 20.8 கிலோமீட்டர், மலையும் காடுமாக ஓடுகிறது. உலகின் பேர்போன ட்ராக் அது. ஆனால் அங்கே ஓட்டிப் பழகியவர்கள் பலர் சஸ்பென்ஷனைக் கடைசிப் படியில் வைப்பதில்லை.

இப்போது போர்ஷே. 911-இன் 992 தலைமுறையில், ஸ்போர்ட் க்ரோனோ தொகுப்பு வாங்கினால் ஸ்டியரிங்கின் வலது கீழ்ப்புறம் சின்னதாக ஒரு குமிழ் வரும். நார்மல், ஸ்போர்ட், ஸ்போர்ட் ப்ளஸ், வெட் (மழைக்கு), இண்டிவிஜுவல் (ஒவ்வொன்றையும் நாமே அமைத்துக்கொள்வது). 918 ஸ்பைடர் என்ற சூப்பர் காரிலிருந்து இறங்கி வந்த யோசனை இது. கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல் கட்டைவிரலால் திருப்பலாம். ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் நார்மலுக்கே திரும்பிவிடும். சிலருக்கு இது எரிச்சல். காலை ஆறு மணிக்குத் தெருவை எழுப்பாமல் கிளம்ப நினைப்பவர்களுக்கு வரம்.

போர்ஷேயின் பலம் அதன் நார்மல் மோட் என்றே சொல்வேன். அதிலேயே கார் முழுமையாக இருக்கிறது. ஸ்போர்ட் ப்ளஸ்ஸில் போட்டுக்கொண்டு ஊருக்குள் ஓட்டினால், கியரை இறக்கி வைத்துக்கொண்டு உறுமிக்கொண்டே வரும், பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலி. சஸ்பென்ஷனுக்கு மட்டும் திரையின் கீழே தனி சுவிட்ச் உண்டு. ஸ்போர்ட் ப்ளஸ்ஸில் இருந்தபடியே ஷாக் அப்சார்பரைத் தளர்த்திக்கொள்ளலாம். இண்டிவிஜுவல் போய்ப் பத்து நிமிடம் குடைய வேண்டியதில்லை.

குமிழின் நடுவில் இன்னொரு குட்டிப் பொத்தான் இருக்கிறது, பிடிகே என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள கார்களில். பெயர் ஸ்போர்ட் ரெஸ்பான்ஸ். அமுக்கினால் 20 நொடிக்கு இன்ஜினும் கியரும் உச்சத்துக்குப் போய்விடும். மீட்டரில் நொடிக் கணக்கு ஒன்று குறைந்துகொண்டே வரும். லாரியை முந்த வேண்டும், அவ்வளவுதான் தேவை என்னும்போது மோட் எதையும் மாற்றாமல் இதை அமுக்கிவிட்டு மறந்துவிடலாம். விளையாட்டுச் சாமான் போலத் தெரியும். ஆனால் இந்த ஒப்பீட்டில் இருக்கும் பொத்தான்களிலேயே அன்றாடம் அதிகம் பயன்படப்போவது இதுதான் என்பது என் எண்ணம்.

வெட் மோடையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் வேலை செய்திருக்கிறார்கள். முன்சக்கரத்தின் மேல்வளைவுக்குள் ஒலியை உணரும் சென்சார்கள். டயர் தண்ணீரை வாரி அடிக்கும் சத்தத்தைக் கேட்டு, 'சாலை ஈரம், மோடை மாற்று' என்று மீட்டரில் சொல்லும். தானாக மாற்றாது, மாற்றுவது உங்கள் பொறுப்பு. மாற்றினால் ஆக்சிலரேட்டர் மந்தமாகும், 90 கிலோமீட்டருக்கு மேல் பின்சிறகு எழும், வழுக்கல் தடுப்பை அணைக்கவே விடாது. மழையில் வீரம் காட்ட இடமே இல்லை. இதைப் பார்த்த பிறகு மற்ற கம்பெனிகளின் மழை மோடெல்லாம் பெயருக்கு வைத்தது போலத்தான் தெரிகிறது.

பிஎம்டபிள்யூவின் வழி நேர் எதிர். அதன் ஸ்போர்ட்ஸ் ரகமான எம் கார்களில் 'செட்டப்' என்று ஒரு பொத்தான். அமுக்கினால் திரையில் பட்டியல் விரியும்: இன்ஜின் மூன்று படி, சஸ்பென்ஷன் மூன்று, ஸ்டியரிங் இரண்டு, பிரேக் பெடல் இரண்டு. பெருக்கிப் பார்த்தால் 36. ஆட்டோமேட்டிக் கியர் மாறும் வேகத்துக்கு மூன்று படி, அது சேர்ந்தால் 108. வழுக்கல் தடுப்பு முழுதாக, பாதியாக, அணைத்து என்று மூன்று, ஆகமொத்தம் 324. அணைத்த பிறகும், சக்கரம் வீணாகச் சுழல்வதை மட்டும் கட்டுப்படுத்தும் ட்ராக்ஷன் கன்ட்ரோலுக்கு 10 படி இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்க்க எனக்குப் பொறுமை இல்லை.

இதைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் தினமும் இதைத் தொடத் தேவையில்லை, ஏனென்றால் ஸ்டியரிங்கில் சிவப்பாக இரண்டு பொத்தான்கள்: எம்1, எம்2. (கார் பெயரும் எம்2, பொத்தான் பெயரும் எம்2. யார் வைத்தார்களோ.) ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து பிடித்தபடி அமைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்தால் அது அதில் பதிவாகிவிடும். அப்புறம் ஒரு தட்டு, எல்லாம் ஒரே நேரத்தில் மாறும். வழுக்கல் தடுப்பை அணைத்து ஒரு பொத்தானில் பதிந்திருந்தால், முதல் தட்டில் நடக்காது, 'உறுதியா?' என்று கேட்டு இரண்டாவது தட்டுக்குக் காத்திருக்கும். நல்ல வழக்கம்.

குறை என்னவென்றால், காரை வாங்கும்போது அந்த இரண்டு பொத்தானிலும் உங்களுக்கென்று எதுவும் இருக்காது. நீங்கள்தான் இன்ஜினியர். எதைச் செய்தால் என்ன ஆகும் என்று தெரியாதவர் நண்பரைப் போல எல்லாவற்றையும் கடைசிப் படிக்குத் தள்ளிவிடுவார். போதாததற்கு 'எம் மோட்' என்று இன்னொரு பொத்தான். அது மீட்டரில் தெரிவதையும் ஓட்டுநர் உதவி அமைப்புகளையும் மாற்றுவது, செட்டப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே எழுத்தை இத்தனை இடத்தில் ஒட்டியது பிஎம்டபிள்யூ செய்த தேவையில்லாத வேலை.

ஃபெராரியின் மானெட்டினோவில் இந்த வம்பே கிடையாது. 2004-இல் எஃப்430 காரில் ஸ்டியரிங்குக்கே வந்த சிவப்புக் குமிழ். பிறகு 458, 488, 296 என்று வந்த கார்களில் படிகள் இவை: வெட், ஸ்போர்ட், ரேஸ், சிடி ஆஃப் (ட்ராக்ஷன் கன்ட்ரோல் அணைத்து), ஈஎஸ்சி ஆஃப் (வழுக்கல் தடுப்பு முழுதாக அணைத்து). இடதுபுறம் பயந்தவனுக்கு, வலதுபுறம் துணிந்தவனுக்கு. இண்டிவிஜுவல் என்ற பேச்சே இல்லை. ரேஸில் இன்ஜின் எப்படி, கியர் எப்படி, பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் எப்படி என்பதை மாரனெல்லோ தொழிற்சாலையில் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டார்கள்; நீங்கள் ஓட்டினால் போதும். சமையல்காரர் வைத்த உப்பில் கை வைக்காதே என்கிற ரகம்.

இதைத் திமிர் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், ஒரே ஒரு காரணத்துக்காக: ஷாக் அப்சார்பரை அவர்களே கட்டிலிருந்து பிரித்துவிட்டார்கள். 2007-இல் வந்த 430 ஸ்கூடேரியாவின் உருவாக்கத்தில் ஃபார்முலா 1 வீரர் மைக்கேல் ஷூமாக்கருக்குப் பங்கு உண்டு. அந்தக் காரில்தான், மானெட்டினோ எந்தப் படியில் இருந்தாலும் ஷாக் அப்சார்பரை மட்டும் தளர்த்தும் தனிப் பொத்தான் வந்தது. பின்னால் வந்த கார்களில் அது 'கரடுமுரடான சாலை' அமைப்பு என்று நிலைத்துவிட்டது. ஏழு முறை உலக சாம்பியன் பட்டம் வென்றவர் கைபட்ட, ட்ராக்குக்கென்றே செதுக்கிய காரில் மென்மைக்கு ஒரு பொத்தான்! இறுக்கமே வேகம் என்று நம்புகிறவர்களிடம் நான் காட்டும் முதல் சாட்சி இது. 324 வழிகளில் பிஎம்டபிள்யூ தருவதில் நமக்கு வேண்டிய ஒன்றை ஃபெராரி ஒரே அழுத்தில் தந்துவிடுகிறது.

விலை குறைந்த கார்களில் இந்தப் பாடத்தைச் சரியாகப் படித்தது ஆல்ஃபா ரோமியோ. ஜூலியா குவாட்ரிஃபோலியோவின் டிஎன்ஏ என்ற மோட் குமிழின் நடுவில் ஷாக் அப்சார்பர் பொத்தான் உட்கார்ந்திருக்கிறது. டைனமிக்கில் திருப்பு, நடுவில் ஓர் அமுக்கு, முடிந்தது. ஆனால் ரேஸுக்குத் திருப்பினால் வழுக்கல் தடுப்பு மொத்தமாகப் போய்விடும். நல்ல எக்ஸாஸ்ட் சத்தத்துக்கு ஆசைப்பட்டு அங்கே போகிறவருக்கு பாதுகாப்பு வலை கிடையாது. கட்டக்கூடாததைக் கட்டிய உதாரணம்.

பாடத்தைத் தாமதமாகப் படித்தது ஹோண்டா. 2017-இல் வந்த சிவிக் டைப் ஆரில் கம்ஃபர்ட், ஸ்போர்ட், ப்ளஸ் ஆர் என்று மூன்றுதான். ஸ்டார்ட் செய்தால் ஸ்போர்ட்டில்தான் எழும். இன்ஜின் துள்ள வேண்டும், சஸ்பென்ஷன் சாந்தமாக இருக்க வேண்டும் என்று கேட்டால் வழியில்லை. 2022-இல் வந்த அடுத்த காரில் இண்டிவிஜுவல் வந்தது, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பழையதை விற்றுப் புதியதை வாங்க இந்த ஒன்றே போதும்.

நிஸான் ஜிடி-ஆர் 2007-இலேயே டேஷ்போர்டில் மூன்று சுவிட்சுகளை வரிசையாக வைத்துவிட்டது: கியருக்கு ஒன்று, சஸ்பென்ஷனுக்கு ஒன்று, வழுக்கல் தடுப்புக்கு ஒன்று. மெனு இல்லை, பதிவு இல்லை, எது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். மெக்லாரன் எம்பி4-12சி காரில் கையாளலுக்கும் இன்ஜினுக்கும் தனித்தனிக் குமிழ் இருந்தது, யோசனை அருமை. ஆனால் 'ஆக்டிவ்' என்ற மூன்றாவது பொத்தானை அமுக்காத வரை இரண்டும் சும்மா சுற்றும். அது எதற்கு என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஆக, என் வரிசை. கார் ஓட்டத் தெரியும், அதன் உள்வேலையில் ஆர்வமில்லை என்பவருக்குப் போர்ஷே. ஒருமுறை உட்கார்ந்து அமைக்கப் பொறுமை உள்ளவருக்கு பிஎம்டபிள்யூ, அதைவிடச் சிறந்தது கிடையாது. யோசனையின் அழகுக்கு மட்டும் மார்க் போட்டால் ஃபெராரி முன்னால் நிற்கும், வாங்கும் சக்தி தனிக்கதை.

பிஎம்டபிள்யூ எடுப்பவர் எம்1-இல் இப்படி வைத்துப் பார்க்கலாம்: இன்ஜின் ஸ்போர்ட், சஸ்பென்ஷன் கம்ஃபர்ட், ஸ்டியரிங் கம்ஃபர்ட், பிரேக் கம்ஃபர்ட், கியர் நடுப்படி, வழுக்கல் தடுப்பு முழுதாக. இன்ஜினைக் கடைசிப் படிக்குக் கொண்டுபோனால் நகர நெரிசலில் ஒவ்வொரு முறை கால் வைக்கும்போதும் வண்டி உதறும், அதனால்தான் நடுவில் நிறுத்துகிறேன். எம்2 பொத்தான் ட்ராக்குக்கு: சஸ்பென்ஷன் ஸ்போர்ட், இன்ஜின் ஸ்போர்ட் ப்ளஸ், வழுக்கல் தடுப்பு பாதி. முழுதாக அணைப்பதை, அனுபவமுள்ள பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நண்பரின் காரில் எம்1 இப்போது அப்படித்தான் இருக்கிறது. எம்2 பொத்தானைத் தொட மட்டும் விடவில்லை; அதில் இன்னும் எல்லாமே கடைசிப் படி. யாராவது கார் பார்க்க வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்றபடி அதை ஒரு தட்டுத் தட்டி, சைலன்சர் சத்தம் மாறுவதைக் கேட்க வைக்கிறார்.