மூன்று சிறிய மண்பாதை வண்டிகளுடன் ஆறு ஆண்டுகள்

எங்கள் வீட்டில் டர்ட் பைக் ஓட்டத் தொடங்கி ஆறு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. அப்போது மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு ஒன்பது. அவனுக்கென்று யமஹா பிடபிள்யூ 50, அவளுக்கென்று ஹோண்டா சிஆர்எஃப் 110 எஃப், நானும் கணவரும் மாறி மாறி ஓட்ட யமஹா டிடி-ஆர் 125 எல்இ என்று மூன்று வண்டிகள் வந்தன. அவற்றுள் பிடபிள்யூ 50 மட்டும் பழைய வண்டி. ஓட்டுவதில் கணவருக்கு ஆர்வம் அதிகம் என்றாலும் ஸ்பேனர் பிடிப்பது ஆரம்பத்திலிருந்தே என் வேலையாக இருந்து வருகிறது. வண்டிக்கு ஒரு ஹவர் மீட்டர் (இன்ஜின் ஓடிய மணிநேரத்தைக் காட்டும் கருவி), ஒரு நோட்டு என்று வைத்துக்கொண்டு எழுதி வந்த குறிப்புகளிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

வண்டி சிறியது, அதனால் பராமரிப்பும் குறைவாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தில்தான் இறங்கினேன். நேர்மாறாக இருந்தது. 110-இன் இன்ஜினுக்குள் இருக்கும் ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில்தான் பிஸ்டன், கியர், கிளட்ச் மூன்றையும் காக்க வேண்டும். 125-இன் கார்புரேட்டரில், இன்ஜின் மெதுவாக ஓடும்போது பெட்ரோலை அளந்துவிடும் பைலட் ஜெட்டின் துளை தலைமுடி நுழையும் அளவுதான். இவை எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வண்டியில் ஏதோ சரியில்லை என்று ஓட்டுபவருக்குச் சொல்லத் தெரியாது. ஐந்து வயதுப் பிள்ளை “பவர் குறைகிறது” என்று வந்து சொல்லாது. “அம்மா, வண்டி இருமுது” என்றுதான் சொல்லும். அந்தச் சொற்களைக் கோளாறாக மொழிபெயர்க்கக் கற்றுக்கொள்வதே பராமரிப்பில் பாதி வேலையாக இருந்தது.

பிடபிள்யூ 50 என்பது 1981 மாடலாக அறிமுகமாகி, அடிப்படை அமைப்பில் பெரிய மாற்றமின்றி இன்றும் விற்பனையாகும் வண்டி. 49 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின், தானியங்கி கிளட்ச், ஒரே கியர். இரண்டு பிரேக்குகளும் சைக்கிளில் இருப்பதுபோலக் கைப்பிடியிலேயே இருக்கின்றன என்பதால், சைக்கிள் பழகிய பிள்ளைக்குப் புதிதாகக் கற்க வேண்டியது ஆக்சிலரேட்டர் மட்டும்தான். பின்சக்கரம் செயினுக்குப் பதிலாக ஷாஃப்டில் ஓடுகிறது. விரல் சிக்கும் பயம் இல்லை, எண்ணெய் போடும் வேலையும் இல்லை. ஆக்சிலரேட்டர் பிடியருகே உள்ள ஒரு திருகை உள்ளே திருகிவிட்டால், பிள்ளை எவ்வளவு முறுக்கினாலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் திறக்காது. முதல் நாள் அந்தத் திருகைக் கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே விட்டு, நடைவேகத்தில் தொடங்கினோம். அதன்பின் நன்றாக நிறுத்தத் தெரிந்ததைப் பார்த்த பிறகே, ஒவ்வொரு முறையும் அரைச் சுற்று வெளியே எடுத்தேன். வேகமாக ஓட்டத் தெரிந்தது என்பதற்காக ஒருமுறைகூட எடுக்கவில்லை.

அந்த வண்டியில் நான் செய்யவிருந்த பெரும் தவறு ஒன்றை மயிரிழையில் தப்பினேன். டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றுவதுதான் என் நினைவில் இருந்தது. இதிலோ ஆயிலுக்குத் தனி டேங்க். ஒரு சிறிய பம்ப் அதை இன்ஜினுக்குச் செலுத்துகிறது. விற்றவர் “எல்லாம் ஊற்றி வைத்திருக்கிறேன், வெறும் பெட்ரோல் போட்டு ஓட்டுங்கள்” என்று சொன்னதை நம்பி, இரண்டு லிட்டர் பெட்ரோல் டேங்கை நான்கைந்து முறை நிரப்பிவிட்டேன். பிறகு ஏதோ தோன்றி அந்த இன்னொரு மூடியைத் திறந்து பார்த்தால், அடியில் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு ஆயில் மினுங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகியிருக்கும். அன்றிலிருந்து பெட்ரோல் மூடியைத் திறக்கும் முன் ஆயில் மூடியைத் திறப்பது என்பது வீட்டு விதி ஆகிவிட்டது. மகனே அதைத் திறந்து காட்டினால்தான் நான் பெட்ரோல் கேனை எடுப்பேன்.

பராமரிப்பு வேலைகளில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், நான் ஏர் ஃபில்டரைத்தான் தேர்ந்தெடுப்பேன். மண்பாதையில் முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதி முழுவதையும் பின்னால் வரும் பிள்ளையின் வண்டிதான் விழுங்குகிறது. ஃபோம் ஃபில்டரைப் பெட்ரோலில் அலசும் பழக்கம் பலரிடம் உண்டு; தீ விபத்துக்கு அழைப்பு என்பது ஒருபுறமிருக்க, அது ஃபோமை ஒட்டியிருக்கும் பசையையும் கரைத்துவிடும். நான் ஃபில்டருக்கென்று விற்கும் திரவத்தில் அமுக்கி அமுக்கி அலசுகிறேன். முறுக்கிப் பிழிந்தால் ஃபோம் கிழியும். பிறகு சோப்பு நீர், நல்ல நீர், ஒரு நாள் முழுக்க நிழலில் உலர்த்தல். அதன்பின் ஃபில்டர் ஆயிலை ஊற்றி, ஃபோம் முழுவதும் ஒரே நிறத்துக்கு வரும்வரை பிசைந்து, மிகுதியைப் பிழிந்துவிட வேண்டும். பெட்டியோடு பொருந்தும் விளிம்பில் மெல்லிய கிரீஸ் பூச வேண்டும். சரியாகச் செய்தோமா என்று அடுத்த முறை கழற்றும்போது தெரிந்துவிடும்: இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயின் உட்புறத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் விரல் சுத்தமாக வர வேண்டும். ஒருமுறை என் விரலில் நரைநிறப் பொடி ஒட்டியது. விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு கிரீஸ் விடுபட்டிருந்ததுதான் காரணம்.

“இருமுது” என்ற புகார் பெட்ரோலைப் பற்றியது. மழைக்காலத்தில் மூன்று மாதம் 125-ஐ அப்படியே நிறுத்தி வைத்துவிட்டேன். பிறகு கிளப்பினால் சோக்கை இழுத்து வைத்திருக்கும்வரை ஓடியது. சோக்கை உள்ளே தள்ளிய மறுகணம் இருமி அணைந்தது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றியபோது வார்னிஷ் வாடை அடித்தது. பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன்; ஊசிமுனைப் புள்ளியாக ஒளி தெரிய வேண்டிய இடத்தில் இருட்டு. ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி அளவு கெட்டுவிடும் என்பதால், கிளீனரில் ஊறவைத்து, மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் மெதுவாகத் துழாவிய பிறகே ஒளி வந்தது. தேங்கிய பெட்ரோலிலிருந்து லேசான பகுதிகள் ஆவியாகிப் போக, மீதி பிசினாக உறைந்ததன் விளைவு இது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். இப்போது மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து காலி செய்துவிடுகிறேன். 2019 மாடலிலிருந்து சிஆர்எஃப் 110 எஃப் ஃப்யூல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டதால் அதில் ஜெட் தொல்லை இல்லை. ஆனால் பேட்டரி சார்ஜைக் கவனிக்காமல் விட்டால் அது தன் பங்குக்குக் காலை வாரும்.

“வழுக்குது” என்று மகள் சொன்ன நாள், தவறு எங்கள் கேரேஜிலேயே நடந்திருந்தது. காருக்கு ஊற்றியதில் மீந்த ஆயிலை வீணாக்குவானேன் என்று கணவர் 110-க்கு ஊற்றிவிட்டார். மேட்டில் ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் உயர்ந்தது, வண்டி நகரவில்லை. எரிபொருள் சிக்கனத்துக்காகக் கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள்களைச் சேர்க்கிறார்கள். கிளட்ச் தகடுகளோ அதே ஆயிலில் நனைந்தபடி உராய்வை நம்பித்தான் பிடிக்கின்றன. இதற்காகவே 1998-இல் ஜப்பானில் ஜாசோ டி 903 என்ற தரத்தை வகுத்தார்கள். டப்பாவின் மீது ஜாசோ எம்ஏ (அத்தகைய கிளட்சுக்கு ஏற்ற வகை) என்று இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். சரியான ஆயிலை ஊற்றி, சிறிது ஓட்டி, வடித்து, மீண்டும் ஒருமுறை மாற்றிய பிறகு கிளட்ச் பழைய நிலைக்கு வந்தது. கணவர் அதற்குப் பிறகு ஆயில் டப்பா இருக்கும் அலமாரிப் பக்கமே போவதில்லை.

செயின் விஷயத்தில் பெரும்பாலானோர் அது தொங்குவதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நான் இறுகியிருப்பதைப் பார்த்துத்தான் பயப்படுவேன். இறுகிய செயின், சஸ்பென்ஷன் அமுங்கும்போது மேலும் இழுபட்டு பேரிங்கையே பதம் பார்த்துவிடும். ஸ்போக்குகளை ஸ்பேனரால் தட்டிக்கொண்டே வந்தால், தளர்ந்தது மட்டும் ‘டிங்’ என்று ஒலிக்காமல் மந்தமாகச் சத்தமிடும். உயரழுத்த நீரில் கழுவுவதை நிறுத்தியபின் சக்கர பேரிங்குகளின் ஆயுள் கூடியிருக்கிறது. வாளியும் பிரஷும் போதும். டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் இடையே விடும் சிறு இடைவெளியை, இன்ஜின் முற்றிலும் ஆறிய மறுநாள் காலையில்தான் பார்ப்பேன்.

சஸ்பென்ஷன் குறித்து ஓர் எச்சரிக்கை. 110-இன் ஸ்பிரிங்குகள் பிள்ளைகளின் எடைக்கானவை. பெரியவர்கள் ஏறினால் சுவாரசியமாகத்தான் இருக்கிறது. ஒரு சிறு மேட்டிலிருந்து தாவி இறங்கி கணவர் ஃபுட்ரெஸ்ட்டை வளைத்ததும் அந்தச் சுவாரசியத்தின் பகுதியே. வண்டியைக் குறை சொல்ல அதில் எதுவும் இல்லை.

உடைகளில் ஹெல்மெட் தரச்சான்று உள்ளதாகவும், எடை குறைந்ததாகவும் இருக்க வேண்டும். இப்போது நாங்கள் வாங்குவது இசிஇ 22.06 என்ற ஹெல்மெட் பாதுகாப்புத் தரம் பெற்றது. பிள்ளையின் கழுத்துக்குப் பாரமான ஹெல்மெட் ஒரு மணி நேரத்தில் தலையைத் தொங்கவைத்துவிடும், அதோடு அன்றைய ஓட்டமும் முடிந்துவிடும். பூட்ஸால் எதிர்பாராத சிக்கல் ஒன்று வந்தது. தடித்த முனை கியர் லீவருக்கு அடியில் நுழையாமல் மகள் ஒரு வாரம் முதல் கியரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தாள். லீவரைக் கழற்றி ஒரு பல் மேலே தள்ளி மாட்டியதும் சரியாகிவிட்டது.

உயரத்தைப் பொறுத்தவரை, வளர்ந்துவிடுவான் என்று பெரிய வண்டியாக வாங்குவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பிடபிள்யூ 50-இன் இருக்கை சுமார் 47.5 செ.மீ., எடை 41 கிலோ. 110 எஃப் சுமார் 66 செ.மீ., 77 கிலோ. 125 எல்இ ஏறக்குறைய 80 செ.மீ., 90 கிலோ. உட்கார்ந்த நிலையில் இரு பாதங்களின் முன்பகுதியும் தரையில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைக்கு நிற்பதில் பயம் வரும். நிற்கப் பயப்படும் பிள்ளை பிரேக்கைத் தாமதமாகவே பிடிக்கும். ஐம்பதிலிருந்து 110-க்கு மாறும்போது மகனுக்குக் கடினமாக இருந்தது கியர் அல்ல. பின் பிரேக் கையிலிருந்து காலுக்கு இறங்கியதுதான். வெற்றுத் திடலில் இரண்டு வார இறுதிகள் நிறுத்துவதை மட்டுமே பழகினோம். 110-இல் கிளட்ச் லீவரே கிடையாது என்பதால், மகள் 125-க்கு மாறியபோது அவளும் இடக்கைக்கு அதேபோலத் தனியாகப் பாடம் படிக்க வேண்டியிருந்தது.

மூன்றில் எதை மீண்டும் வாங்குவேன் என்றால் 110-ஐத்தான். இரண்டு பிள்ளைகளையும் அதிக காலம் சுமந்ததும், என்னை மிகக் குறைவாகத் தொல்லை செய்ததும் அதுவே. பிடபிள்யூ 50 மகனுக்கு இரண்டே ஆண்டுகள்தான் பொருந்தியது. அதன்பின் கொட்டகையில் நின்றிருந்த அதைச் சென்ற ஆண்டு வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்தோம். பெட்ரோலை வடித்து, புதிய பிளக் போட்டு, நோட்டையும் கையில் கொடுத்தேன். அவர்களுடைய பெண் குழந்தை ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தது. வண்டியை ஏற்றும் முன் மகன் முன்னே வந்து, ஆயில் மூடியைத் திறந்து, அந்தக் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, “இதுல பெட்ரோல் ஊத்தக் கூடாது, இது ஆயிலுக்கு. முதல்ல இதைத் திறந்து அம்மாவுக்குக் காட்டு” என்றான்.