சி கம்பியா, தனி டிரான்ஸ்ஃபார்மரா?

சிங்கப்பூர் வீடுகளில் பெரும்பாலும் ரிமோட்டில் இயங்கும் ஏர்கான்தான். காற்றுக்குழாய் அமைப்பும் சுவரில் குளிரைக் கட்டுப்படுத்தும் 24 வோல்ட் தெர்மோஸ்டாட்டும் உள்ள சில வீடுகளில், அந்தத் தெர்மோஸ்டாட்டின் திரை அடிக்கடி அணைந்து தொல்லை கொடுக்கும். அதற்கு வழி இரண்டு: தெர்மோஸ்டாட்டுக்குத் தொடர்ந்து மின்சாரம் கிடைக்க, ஏர்கான் இயந்திரத்திலிருந்து சி எனப்படும் பொதுக் கம்பியை இழுப்பது, அல்லது வீட்டு மின்சாரத்தை 24 வோல்ட்டாகக் குறைக்கும் தனி டிரான்ஸ்ஃபார்மரைச் செருகுவது.

என் ஓட்டு கம்பிக்கே. சி இல்லாத தெர்மோஸ்டாட், கட்டுப்பாட்டுக் கம்பிகளிலிருந்து கொஞ்சம் மின்சாரத்தைத் திருடித் தன் பேட்டரியை நிரப்பிக்கொள்கிறது. அது போதாதபோது ஏர்கானை இயக்கி நிறுத்தும் ரிலே என்ற சுவிட்ச் படபடக்கும், வைஃபை அறுபடும். சுவருக்குள் பயன்படாத கம்பி ஒன்று சுருண்டு கிடந்தால் வேலை எளிது. இல்லையென்றால் கூரைப் பலகையைப் பிரிக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மருக்கு வாய்ப்பு அங்கேதான். ஆனால் அமெரிக்காவிலிருந்து வரவழைத்த 120 வோல்ட் சரக்கை நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான் வரும். சுவரில் தொங்கும் ஒயரை வீட்டில் யார் பொறுத்துக்கொள்வார்கள் என்பது வேறு கதை.

திரை முழுவதும் இருண்டுவிட்டதா? செலவு செய்யுமுன் ஃபியூஸைப் பாருங்கள். ஏர்கான் நீர் வெளியேறும் வடிகுழாயையும் பாருங்கள்: நம் ஊர் ஈரத்தில் அது அடைத்துக்கொண்டு நீர் நிரம்பினால், மிதவைச் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். சில தெர்மோஸ்டாட்டுகளில் 230 வோல்ட்டே ஓடுகிறது; அங்கே கை வைக்காமல் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.