மெருகேற்றக் கொடுத்த பாட்டி சங்கிலி: 3.8 கிராம் போச்சு

கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

கொள்ளுப்பாட்டியிடமிருந்து பாட்டிக்கும், பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும், அப்புறம் எனக்கும் வந்த சங்கிலி. முகப்பின் பின்பக்கம் கொள்ளுப்பாட்டி பெயரின் முதலெழுத்து. ஓரத்தில் சின்னதாக ஒரு பள்ளம்: அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது, பாட்டி மடியில் உட்கார்ந்து கடித்த பல் தடம். எங்கள் வீட்டில் யார் அதைக் கையில் எடுத்தாலும் கட்டைவிரல் முதலில் அந்தப் பள்ளத்தைத்தான் தேடும். தங்கம்தான் முக்கியம் என்றால் எப்போதோ போட்டுவிட்டுப் புது டிசைன் வாங்கியிருப்போம்.

வீட்டுக்கே ஆள் அனுப்பி நகையை வாங்கிப்போய் மெருகேற்றித் தரும் செயலி ஒன்று. வந்த பையன் கையுறை போட்டிருந்தான். என் கண் முன்னால் எடை போட்டான், 24.3 கிராம். "யாருடையதுங்க?" என்று கேட்டு, நான் சொன்ன கதையை முழுசாகக் கேட்டு, பல் தடத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்து, பஞ்சில் சுற்றி எடுத்துப் போனான். அந்தச் சிரிப்பில்தான் நம்பினேன்.

திரும்பி வந்தது பளபளவென்று ஒரு சங்கிலி. எடை 20.5. எழுத்து மங்கிப்போயிருந்தது. பள்ளத்தைக் காணோம்.

கேட்டால் முதலில் "அது அழுக்கோட எடை மேடம்" என்றார்கள். 3.8 கிராம் அழுக்கா? அப்புறம் "உங்க தராசுக்கும் எங்க தராசுக்கும் வித்தியாசம் இருக்கும்." முதல் எடை போட்டதே அவர்கள் தராசு! மேலாளர் என்று ஒருவர் பேசினார்: "டென்ட் ஒண்ணு இருந்துச்சு, அதையும் ஃப்ரீயா சரி பண்ணிக் கொடுத்திருக்கோம்." எனக்குப் பேச்சே வரவில்லை. அதற்குப் பிறகு என் புகாருக்கு எதிரே 'தீர்க்கப்பட்டது' என்று போட்டுவிட்டார்கள்.

சோப்புத் தண்ணீரில் தங்கம் கரையாது. தேய்த்து மெருகேற்றினால் கொஞ்சம் தூளாகப் போகும்தான், ஆனால் இவ்வளவு போகாது. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் சேர்ந்த ராஜ திராவகத்தில் முக்கினால் கரையும். கரைந்ததை அந்தத் திராவகத்திலிருந்து பிறகு பிரித்து எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் பட்டறையில் என்ன செய்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன், 3.8 கிராம். அதற்குக்கூட என்றாவது ஈடு வாங்கிவிடுவேன். அம்மாவின் பால் பல்லுக்கு?

கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், எடையை இரண்டு தசமம் வரை ரசீதில் எழுதி வாங்குங்கள். என் ரசீதில் 'சுமார் 24' என்றுதான் இருந்தது, அதைத்தான் இப்போது பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். கொடுக்கும் முன் நகையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கிட்டத்தில் போட்டோ எடுங்கள். கண் முன்னால் செய்து தருபவராகப் பாருங்கள். எழுத்து, பள்ளம், கீறல் எதையும் தொடக்கூடாது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் நகையைத் திரும்ப வாங்கி உள்ளே வையுங்கள். மங்கலாக இருந்தால் இருக்கட்டும்.