இஸ்தான்புல்: எந்தக் குவிமாடத்தின் கீழே நிற்கலாம்?

இஸ்தான்புல்லில் ஒரே ஒரு நாள் கிடைத்தால் யாரைக் கேட்டாலும் சுல்தான் அகமது சதுக்கத்துக்குத்தான் வழி சொல்வார்கள். ஒரு பக்கம் அயா சோபியா, எதிரே நீல மசூதி, நடுவில் பூங்கா. வசதிதான். ஆனால் சற்றுத் தள்ளி மேட்டில் இருக்கும் சுலைமானியே மசூதி அந்த அவசரத்தில் விடுபட்டுப் போகிறது. மூன்றில் எதை விடலாம் என்று கேட்டால், நான் அதைக் கைகாட்ட மாட்டேன்.

முதலில் அயா சோபியா. தேவாலயமாக எழும்பி, பிறகு மசூதியான கட்டடம். 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு 25 யூரோ கட்டணம். அவ்வளவு கொடுத்தாலும் கீழ்த்தளத்தில் கால் வைக்க முடியாது. அது தொழுகைக்கு உரியது, நமக்கு மேல்மாடம் மட்டும். வருத்தம் என்னவென்றால், அந்தக் கட்டடத்தின் மாயமே கீழே நடுவில் நின்று அண்ணாந்து பார்ப்பதில்தான் இருக்கிறது. 537இல் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் கட்டி முடித்த குவிமாடம் 558இல் இடிந்து விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் முன்பைவிட உயரமாகத் திரும்ப எழுப்பினார்கள். ஏறத்தாழ 31 மீட்டர் அகலம், 55 மீட்டர் உயரம். அடியைச் சுற்றி 40 ஜன்னல்கள். அவற்றின் வெளிச்சத்தில் குவிமாடம் எதன்மேலும் உட்காராமல் அந்தரத்தில் நிற்பதுபோல இருக்கும். மேல்மாடத்தில் இதைப் பக்கவாட்டில்தான் பார்க்கலாம். 2025இல் தொடங்கிய குவிமாடச் சீரமைப்பு முடியும்வரை சாரமும் கண்ணை மறைக்கும்.

அப்புறம் எதற்கு 25 யூரோ? மேல்மாடத்துச் சுவர்களுக்காக. பேரரசி சோயியின் மொசைக் ஓவியத்தில் பக்கத்தில் நிற்பவர் அவருடைய மூன்றாவது கணவர். முந்தைய கணவரின் முகத்தையும் பெயரையும் எடுத்துவிட்டு இவருடையதைப் பதித்திருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் ஒட்டுப்போட்ட இடம் தெரியும். பளிங்குக் கைப்பிடிச் சுவரில் ஒரு வைக்கிங் வீரன் கீறிய எழுத்தும் உண்டு. ‘ஹாஃப்டான்’ என்ற பெயர் மட்டும்தான் படிக்க முடிகிறது. சுற்றுலாத் தலத்தில் பெயர் கிறுக்குவது நம் காலத்து வியாதி இல்லை போலும். 1204இல் நகரத்தைச் சூறையாடிய சிலுவைப் படையோடு வந்த வெனிஸ் தலைவர் தந்தோலோவின் பெயர்க்கல்லும் இங்கேயே இருக்கிறது. இந்தக் கதைகளில் ஆர்வம் உள்ளவருக்கு 25 யூரோ தகும். மற்றவருக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

நீல மசூதிக்குக் கட்டணம் இல்லை; ஆறு மினார்களோடு வெளியே இருந்து பார்க்க மூன்றிலும் இதுதான் அழகு. உள்ளே போனதும் குறுக்கே நிற்பவை நான்கு தூண்கள். ஒவ்வொன்றும் ஐந்து மீட்டர் பருமன். ‘யானைக்கால்’ என்றே பெயர். இஸ்னிக் ஊரில் செய்த 20,000க்கும் மேற்பட்ட வண்ண ஓடுகளில் சிறந்தவை மேல்மாடத்தில் இருப்பதால் கீழிருந்து சரியாகத் தெரியாது. அரை மணி நேரம் போதும்.

சுலைமானியேவுக்கும் கட்டணம் இல்லை. 1557இல் உஸ்மானியக் கட்டடக் கலைஞர் சினான் கட்டியது. குவிமாடம் 53 மீட்டர் உயரம், அயா சோபியாவுக்குக் கொஞ்சமே குறைவு. இங்கே தொழுகை நேரம் தவிர உள்ளே போய் அண்ணாந்து பார்க்கலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். அயா சோபியாவின் பாரத்தைத் தாங்க வெளியே பெரிய பெரிய முட்டுச்சுவர்கள் நிற்கின்றன. அவற்றில் சில பிற்காலத்தில் சினானே கொடுத்தவை. தான் கட்டிய மசூதியில் முட்டுகளைச் சுவருக்குள்ளேயே, மாடங்களுக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் இந்தக் கெட்டிக்காரத்தனம் புரியும். எண்ணெய் விளக்குகளின் புகைக்கரி வாசலுக்கு மேலுள்ள அறையில் போய்ச் சேரும்படி காற்றோட்டம் அமைத்து, அந்தக் கரியில் எழுத்து மை செய்தார்கள் என்பது கூடுதல் செய்தி.

பின்புறத் தோட்டத்தில் சுல்தான் சுலைமானும் அவர் மனைவி ஹுர்ரெமும் தனித்தனிக் கல்லறை மண்டபங்களில் இருக்கிறார்கள். கட்டியவர் மட்டும் மதிலுக்கு வெளியே, தெருமுனையில் சின்னதாக ஓர் இடத்தில். முற்றத்தின் ஓரத்தில் நின்றால் கீழே பொற்கொம்பு நீர்வழி விரிந்து கிடக்கும். மசூதியை ஒட்டிய தெருவில் வரிசையாகப் பீன்ஸ் கடைகள். வெள்ளைப் பீன்ஸ் குழம்பும் சோறும் கொடுப்பார்கள். ஒரு காலத்தில் அபின் தின்பவர்களின் கடைத்தெருவாக இருந்த இடம் அது.

நடை மட்டும் கொஞ்சம் ஏற்றம். டி1 டிராமில் பெயாஸிட் இறங்கினால் பாதிச் சிரமம் மிச்சம். நான் சொல்லும் வரிசை: காலையில் கூட்டம் சேருமுன் அயா சோபியா, எதிரே நீல மசூதியில் ஒரு எட்டு, மதியத்துக்கு மேல் சுலைமானியே. பெண்கள் தலைத்துணியும், எல்லாரும் கழற்ற எளிதான செருப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமையாக இருந்தால் வரிசையை மாற்ற வேண்டும். ஜும்மா தொழுகை முடியும்வரை மூன்றிலும் நமக்கு இடமில்லை.